செய்தித் திரையில் பெண்கள்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இவ்வட்டாரத்தில் உழைக்கும் மகளிர் மிகப் பலர். அவர்கள் நூற்பாலைகளில் அறுந்த இழையை முடிகின்றனர். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணித் தறிகளில் பணிபுரிகின்றனர். ஆழ்வார் பன்னிருவருள் ஒரே பெண்ணாகிய ஆண்டாள் பிறந்த ஊரும் இதுவன்றோ! ஆயினும் இம்மகளிரைத் தொலைக்காட்சிச் செய்தியில் நாம் எப்போது காண்கிறோம்? வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும்போது. வெறுங்குடத்துடன் தெருவில் அமரும்போது. இழவு வீட்டில் அழும்போது. நூல் விலை ஏறினால் கருத்துக் கூற அழைக்கப்பெறுவோர் பெரும்பாலும் ஆடவரே.

இஃது இவ்வூர்க் குறை மட்டும் அன்று. உலகச் செய்தி ஊடகங்களைப் பல நாட்டார் கூடி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆராய்கின்றனர். செய்தியில் இடம்பெற்றோருள் பெண்கள் 1995-இல் நூற்றுக்கு 17 பேர். 2020-இல் 25 பேர்.

சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிற்று. செய்தி வாசிக்கும் இருக்கை பெண்களுக்கும் கிடைத்தது. ஆனால் வாசிக்கப்படும் சொற்கள் எத்தகையவை? ஆடவர் ஒருவர் கைதானால் அவர்தம் ஊரும் தொழிலும் கூறப்படும். பெண் கைதானால் 'அழகி' என்னும் சொல் முந்திக்கொள்ளும். அழகு குற்றத்திற்குச் சான்றாகுமா?

நிற்க. 2018 ஏப்ரலில், இவ்விரண்டு ஊர்களும் அமைந்த விருதுநகர் மாவட்டத்திலேயே ஒரு வழக்கு எழுந்தது. அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, மாணவியர் நால்வரைத் தகாத வழிக்கு அழைத்தார் என்பது குற்றச்சாட்டு. வெளியான தொலைபேசி உரையாடலில் பல்கலைக்கழக மேலிடத்தாரைப் பற்றிய பேச்சும் இருந்தது. அம்மேலிடத்தார் யாவர் என்பதே நாடறிய வேண்டிய வினா. இதுபற்றி ஏப்ரல் 17-இல் செய்தியாளரைச் சந்தித்த அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், வினா எழுப்பிய பெண் செய்தியாளரின் கன்னத்தைத் தட்டினார். மறுநாள், பேத்தியாகக் கருதியே அவ்வாறு செய்ததாக எழுதி வருத்தம் தெரிவித்தார். அப்பெண்மணி அங்குப் பேத்தியாக வரவில்லை; வினவ வந்தார்.

வழக்கு திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் நடைபெற்றது. பேராசிரியை வந்தபோதெல்லாம் அவருடைய கூந்தலும் உடையும் நடையும் படமாயின. குற்றவாளிக்குப் பரிந்து பேசுவது நம் கருத்தன்று. 2024 ஏப்ரல் 30-இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உடன் குற்றம் சாட்டப்பட்ட ஆடவர் இருவரும் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் என்ன உடுத்து வந்தனர் என்பது பற்றி எவரும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை.

மாணவியர் நால்வரின் பெயரையும் முகத்தையும் சட்டம் மறைத்துக் காக்கிறது, அது முறையே. ஆனால் மதிப்பெண்ணும் பணமும் காட்டி அழைத்த ஆசிரியைக்கு அவர்கள் இணங்க மறுத்தார்கள். அச்செய்தியைக் கூறுதற்கு முகம் எதற்கு? கூந்தலுக்குக் கிடைத்த நேரம் திரையில் அதற்குக் கிடைக்கவில்லை.