சங்கும் சிப்பியும் விலங்குகளா?

ஒரு நிலப்பரப்பிலோ கடற்பரப்பிலோ இயல்பாக வாழும் விலங்குகள் அனைத்தையும் ஒருசேரக் குறிக்க அறிவியலார் வழங்கும் ‘ஃபானா’ என்னும் சொல், மந்தைகளுக்கும் வயல்களுக்கும் வளம் தருபவளாக உரோமர் வழிபட்ட பெண் தெய்வம் ஒன்றின் பெயராகும். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ், தம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1745-இல் வெளியிட்ட நூலுக்கு மலர்த் தெய்வமான ஃபுளோராவின் பெயரைச் சூட்டி, மறு ஆண்டு விலங்குகளைப் பற்றிய நூலுக்கு ‘ஃபானா சுவேசிகா’ எனப் பெயரிட்டதிலிருந்து அது கலைச்சொல்லாக வேரூன்றியது.

இதற்கு ஈடாகத் தமிழில் ‘விலங்கினம்’ என்றும், கல்வெட்டுகளில் ‘மரவடை’யோடு இணைந்து வரும் பழஞ்சொல்லாகிய ‘மாவடை’ என்றும் எழுதுகின்றனர். ‘மா’ என்பது விலங்கைக் குறிப்பது. ‘விலங்கு’ என்பதோ குறுக்கு என்னும் பொருளடியாக, நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கும் மரத்துக்கும் மாறாக உடல் கிடையாக அமைந்த உயிரைச் சுட்டியது என்பர். இரண்டும் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் பார்த்துப் பிறந்த சொற்கள். ஆகவே தூத்துக்குடிக் கடலுக்கு அவை முழுதும் பொருந்துவதில்லை.

இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை 21 தீவுகளுடன் ஏறத்தாழ 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட, அக்கடலைத் தன்னுள் கொண்ட மன்னார் வளைகுடாவில் புகழ் பெற்றவை நான்கு கால் உடையன அல்ல. பாறையில் நூலிழைகளால் ஒட்டி வாழும் முத்துச் சிப்பியும், மணலில் புதைந்து புழுக்களைத் தின்னும் சங்கும், நகராத பவளமுமே ஆகும்.

இவ்வுயிர்களுக்கு இடம் தந்த பகுப்பு தமிழிலேயே உண்டு. தொல்காப்பிய மரபியல், உயிர்களை உருவத்தால் அன்றிப் புலனறிவின் எண்ணிக்கையால் வகுத்து, தொடுவுணர்வு மட்டும் உடைய புல்லுக்கும் மரத்துக்கும் அடுத்த படியில், சுவையுணர்வும் சேர்ந்த ஈரறிவுயிர்களாக நந்தையும் முரளையும் வைக்கிறது. நந்து என்பதற்குச் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரள் என்பதற்குச் சிப்பி வகையையும் உரையாசிரியர்கள் பொருளாகக் கொள்வர்.

குளியாளிகள் வழங்கும் ‘பார்’ என்னும் சொல் இன்னும் நெருக்கமானது. கடலடியில் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டையே அது குறித்தாலும், மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சு பற்றிக்கொள்வதற்கு அத்திட்டு வேண்டும் என்பதாலும், மணல் மூடினால் சிப்பிகள் மடிந்துவிடும் என்பதாலும், இடத்தையும் உயிரையும் பிரிக்காமல் பேச அச்சொல் உதவுகிறது. ‘ஃபானா’ உணர்த்த விரும்பும் இடச்சார்பு இதில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. எனவே, இக்கடலின் உயிர்களைத் தமிழில் எழுதுவோர் ‘விலங்கினம்’ என்பதை விடுத்து ‘உயிரினத் தொகுதி’ என்பதை ஆள்வதும், ‘பார்’ என்னும் சொல்லைக் கலைச்சொல்லாகப் பாடநூல்களில் சேர்ப்பதுமே தக்கன.