குழந்தை உள்ளமும் விளையாட்டும்

பெரியோர் தம் துயரைச் சொல்லால் உரைப்பர். சொல் இன்னும் கைவராத குழந்தை எதனால் உரைக்கும்? உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்டு, தம் பெயரன் ஒன்றரை வயதில் ஆடிய ஆட்டமொன்றை 1920-இல் எழுதினார். நூல் கட்டிய மரச்சுருளைக் கட்டிலுக்குள் எறிந்து மறைப்பதும், நூலை இழுத்து அதனை மீட்டு மகிழ்வதுமே அவ்வாட்டம். தாய் பிரிவதையும் மீள்வதையும் குழந்தை தன் கையால் நிகழ்த்திப் பார்க்கிறது என்பது அவர் கண்ட விளக்கம்.

இதனைச் சிகிச்சை முறையாக வளர்த்தவர்களுள் மெலனி கிளைன் (1882–1960) முதன்மையானவர். வியன்னாவில் பிறந்து பெர்லினிலும், 1926 முதல் இலண்டனிலும் பணியாற்றியவர். பள்ளியை வெறுத்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் மனம் திறக்கவில்லை. கிளைன் தம் பிள்ளைகளின் அறைக்குச் சென்று சில சிறு பொம்மைகளைப் பெட்டியிலிட்டுக் கொணர்ந்தார். சிறுமி உடனே விளையாடத் தொடங்கினாள். பள்ளியில் அவளை வருத்தியது எது என்பது அவ்விளையாட்டில் மெல்ல வெளிப்பட்டது.

அதன் பின்னர் ஒவ்வொரு குழந்தைக்கும் பூட்டிய தனி இழுப்பறை ஒன்று ஒதுக்கப்பெற்றது. சிறு மர மனிதர்கள், விலங்குகள், வண்டிகள், தாள், பென்சில், கத்தரிக்கோல் ஆகியன அதனுள் இருக்கும். மனித உருவங்கள் நிறத்தாலும் அளவாலும் மட்டுமே வேறுபடும். தொழிலைக் காட்டும் உடை இராது. உடையே கதையைச் சொல்லிவிட்டால் குழந்தை எதைச் சொல்லும்? தானே இயங்கும் பொம்மைகளுக்கும் அங்கே இடமில்லை. விலையுயர்ந்த விசைப்பொம்மை இரண்டே நாளில் சலித்துவிட்டதே என வருந்தும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பிராய்டின் மகள் அன்னா பிராய்டு இம்முறையை முழுதும் ஏற்கவில்லை. குழந்தை விளக்குக் கம்பத்தைக் கவிழ்த்தால், முன்பு தெருவில் கண்டதையே அது திரும்பச் செய்திருக்கலாம். ஒவ்வொரு செயலிலும் மறைபொருள் தேடுதல் பொருந்தாது என்றார். இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் கிளைன் கண்டு எழுதிய ஒன்றை எளிதில் ஒதுக்க இயலாது.

சினமுற்ற குழந்தை ஒரு பொம்மையை உடைத்துவிடும். கிளைன் கடியமாட்டார், உடைக்கத் தூண்டவும் மாட்டார், ஒட்டிவிடலாம் என்று தேற்றவும் மாட்டார். தம்மை அடிப்பதை மட்டும் அனுமதியார். உடன்பிறந்தாராகவோ பெற்றோராகவோ குழந்தை உருவகித்த அந்தப் பொம்மை, உடைந்தபடியே இழுப்பறையில் கிடக்கும். அச்சத்தாலும் குற்றவுணர்வாலும் குழந்தை அதன் பக்கமே திரும்பாது. அவ்வுணர்வுகளைக் கிளைன் விளக்கி வருவார். பின்னர் ஒருநாள், குழந்தை தானே இழுப்பறையைத் திறந்து அந்தப் பொம்மையைத் தேடும். அதனைச் செப்பனிட முயலும்.