வாசலைத் தாண்டினால் யாருடைய குப்பை?

பிரம்மபுரத்தின் புகை கொச்சிக்கு ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது. இடப்பள்ளிக் கால்வாயைப் பார்த்தால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை என்பது புரியும்.

இடப்பள்ளி சந்திப்பில் நின்றால் புதிய கொச்சியின் பகட்டு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் 2013இல் திறக்கப்பட்ட லுலு மால். தலைக்கு மேலே 2017 முதல் ஓடும் மெட்ரோ ரயில். சேலத்திலிருந்து கோயம்புத்தூர், பாலக்காடு வழியாக வரும் நெடுஞ்சாலை, கன்யாகுமரிக்குச் செல்லும் மேற்குக் கரை நெடுஞ்சாலையைத் தொடும் இடமும் இதுதான். ஆனால் இடப்பள்ளிக்கு இன்னொரு முகமும் உண்டு. அது சாலையில் தெரியாது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கே ஓடுவது இடப்பள்ளித் தோடு. மலையாளத்தில் தோடு என்றால் கால்வாய். வடக்கே முட்டார் ஆற்றையும் தெற்கே சித்திரப்புழையையும் இணைக்கும் இந்தக் கால்வாயின் நீளம் சுமார் 11 கி.மீ. ஒரு காலத்தில் நாட்டுப் படகுகள் போன நீர்வழி. பின்னர் அது நகரத்தின் கழிவுநீரையும், இருட்டில் வந்து விழும் பிளாஸ்டிக் பைகளையும் சுமக்கும் சாக்கடையாகச் சுருங்கியது.

வீட்டைத் துடைத்து மெழுகி வைத்திருப்பதில் கேரளத்துக்காரர்களுக்கு நிகர் இல்லை என்பது தமிழர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். பிறகு இந்தப் பைகள் எங்கிருந்து வருகின்றன? விடை வீட்டைச் சுற்றியிருந்த தோட்டத்தில் இருக்கிறது. முன்பு சின்ன வீட்டுக்கும் ஒரு தென்னையும் வாழையும் நிற்க இடம் இருந்தது. மீன் செதிலும் காய்கறித் தோலும் மரத்தடிக் குழிக்குப் போய் எருவாகும். நிலத்தின் விலை ஏற ஏற, தோட்டம் சுருங்கி அடுக்குமாடிகள் எழுந்தன. குழி போய்விட்டது, பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. மக்காத பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொண்டபோது, வீட்டு எல்லைக்கு வெளியே எது கிடைத்ததோ அதுவே குழியாயிற்று: சாலையோரம், காலி மனை, கால்வாய்.

நகராட்சிகள் செய்ததும் கிட்டத்தட்ட இதையேதான், கொஞ்சம் பெரிய அளவில். கொச்சி மாநகராட்சி தன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் நகருக்குக் கிழக்கே, கடம்பிரயாற்றின் கரையில் இருக்கும் பிரம்மபுரம். உரம் தயாரிப்பதற்கென்று தொடங்கிய நிலையத்தில் பல ஆண்டுகளாகத் தரம் பிரிக்காத குப்பை மலையாகக் குவிந்தது. 2023 மார்ச் 2ஆம் தேதி அது தீப்பிடித்தது. அடியாழத்தில் புதைந்திருந்த பிளாஸ்டிக் கனன்றுகொண்டே இருந்ததால், மேலே ஊற்றிய தண்ணீர் போதவில்லை. மண்வாரி இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறித் தீயணைப்புப் படையினர் நீர் பாய்ச்சினார்கள். ஹெலிகாப்டர்களும் தண்ணீர் தெளித்தன. முழுவதும் அணைக்க 10 நாட்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை நகரத்தின் மேல் நச்சுப் புகை கவிந்து கிடந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, வெளியே வந்தவர்கள் முகக்கவசம் தேடினார்கள். வாசலுக்கு வெளியே எறிந்த குப்பை, புகையாக ஜன்னல் வழியே வீட்டுக்குள் திரும்பி வந்தது.

கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு ரூ.100 கோடி சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. கேரளத்துக்கு இது முதல் எச்சரிக்கையும் அல்ல. திருவனந்தபுரத்தின் குப்பையைச் சுமந்த விளப்பில்சாலை கிராமம், இனி ஒரு லாரியையும் விடமாட்டோம் என்று எழுந்து நின்றதில் 2011 இறுதியில் அங்கிருந்த நிலையம் மூடப்பட்டது. ஆலப்புழையின் சர்வோதயபுரத்திலும் அதே கதை. ஆனால் ஆலப்புழை வேறு கொட்டுமிடம் தேடி அலையவில்லை. 2012இல் தொடங்கிய இயக்கத்தில், மக்கும் குப்பையை வீட்டிலேயே குழாய் உரக்கலன்களிலும் சாண எரிவாயுக் கலன்களிலும், தெருவிலே காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகளிலும் முடித்துவிடப் பழகியது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன உலக நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

தாமதமாகவேனும் கொச்சியும் அந்த வழிக்கு வந்தது. இதில் முன்னணியில் நிற்பவர்கள் குடும்பஸ்ரீ அமைப்பிலிருந்து வந்த பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனையினர். சீருடையோடு வீடு வீடாகச் சென்று, கழுவிக் காய வைத்த பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்கள். அவர்களுக்கு மாதக் கட்டணம் உண்டு. பால் பாக்கெட்டுக்கு யோசிக்காமல் காசு கொடுப்பவர்கள், அந்தக் காலிப் பாக்கெட்டை எடுத்துப் போக எதற்குக் காசு என்று கேட்டது ஆரம்பத்தில் பெரிய தடையாக இருந்தது. பின்னர் சட்டத்தைத் திருத்திக் கட்டணத்தைக் கட்டாயமாக்க வேண்டியதாயிற்று.

இந்த வேலையை அரசு கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே கேரளத் தெருக்களில் செய்துவந்தவர்களில் தமிழர்கள் அதிகம். பழைய இரும்பு, காகிதம், பாட்டில் என்று வீட்டு வாசலில் வந்து வாங்கும் 'ஆக்ரி' வியாபாரி பல மலையாளிகளுக்குத் தெரிந்த முதல் தமிழர். மறுசுழற்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்னரே ஊர்க் குப்பையின் ஒரு பகுதியைக் கால்வாய்க்குப் போகாமல் தடுத்தவர்கள் இவர்கள். அவர்களுக்குச் சீருடையும் இல்லை, நன்றியும் இல்லை. பெரும்பாலும் சந்தேகப் பார்வைதான்.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு, விரும்பாத பங்கு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தது தெரியவந்து கொந்தளிப்பு ஏற்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பின், கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அவற்றை அள்ளிச் சென்றன. சட்டம் கடுமையாகும்போது குப்பை மறைந்துவிடுவதில்லை. சட்டத்தின் பிடி தளர்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. நகரத்துக்குப் பிரம்மபுரம் எப்படியோ, அப்படியே சில ஒப்பந்தக்காரர்களுக்கு எல்லைக்கு அப்பாலுள்ள கிராமம். தமிழ்நாட்டு வாசகர் கோபப்படுவது நியாயம்தான். அதே வாசகர் சென்னையின் குப்பை பெருங்குடிச் சதுப்பு நிலத்துக்கும் கொடுங்கையூருக்கும் போன கதையையும் நினைத்துக்கொள்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. குப்பை எறிபவர்களைப் படம் பிடித்துத் தகவல் கொடுத்தால், அபராதத்தில் நாலில் ஒரு பங்கு, அதிகபட்சம் ரூ.2,500 பரிசு என்று கேரள அரசு அறிவித்தது. பிரம்மபுரத்தில் நாளொன்றுக்கு 150 டன் மக்கும் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையத்தை பாரத் பெட்ரோலியம் அமைத்தது. 2025 ஜூலையில் வெளியான மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் முதல் 100 இடங்களுக்குள் கேரளத்தின் 8 நகரங்கள் வந்தன; கொச்சிக்கு 50ஆவது இடம்.

ஆனால் தரவரிசை கால்வாய்க்குள் இறங்கிப் பார்ப்பதில்லை. அதற்குள் இறங்குபவர் வேறு. 2024 ஜூலை 13ஆம் தேதி திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். முக்குளிப்பவர்களால் முன்னேற முடியாதபடி கால்வாயை அடைத்து நின்றது பிளாஸ்டிக். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்தக் குப்பையில் எந்தப் பை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எறிந்தவர்களுக்குத் துணிச்சல் கொடுத்ததும் அந்த அடையாளமின்மைதான்.

பிரம்மபுரத்தின் பக்கமாக வரும் கடம்பிரயாறு சேர்வதும் சித்திரப்புழையில்தான். இடப்பள்ளித் தோட்டின் தெற்கு முனை சேர்வதும் அதே சித்திரப்புழையில்தான். லாரியில் ஏற்றி அனுப்பிய குப்பையின் கசிவும், பாலத்திலிருந்து நழுவவிட்ட பையும் கடைசியில் ஒரே தண்ணீரில் சந்திக்கின்றன. கால்வாயைத் தூர்வாரி மீண்டும் படகு விடும் திட்டம் கொச்சிக்கு இருக்கிறது. படகு வருவதற்கு முன் ஒரு சின்ன வேலை பாக்கி. இன்றிரவு பாலத்தின் மேல் வேகம் குறையும் காரின் கண்ணாடி இறங்காமல் இருக்க வேண்டும்.