ஈரல் நோயும் ஆண்மைக் குறைவு மருந்தும்

நமது சங்க அங்கத்தினர்களில் தறியிலும் வயலிலும் உழைத்து நடுவயதைக் கடந்தோர் பலர். அவர்களிற் சிலர் வாய்விட்டுச் சொல்லக் கூசும் குறை ஒன்று உண்டு. அதுவே ஆண்மைக் குறைவு. அது பாவமுமன்று, பழியுமன்று. பிற நோய்களைப் போல் அதுவும் ஒரு நோயே. வெட்கத்தினால் வைத்தியரை நாடாமல், கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்பதுதான் தவறு. கல்லீரல் கெட்டவர்க்கு அத்தவறு உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் என்னும் மருந்து, இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது. உண்ட மருந்தைச் சிதைத்து அகற்றும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. வடிகால் தூர்ந்த வயலுக்கு வழக்கம்போல் நீர் பாய்ச்சினால் என்னவாகும்? நீர் தேங்கிப் பயிர் அழுகும். அவ்வாறே, நலிந்த ஈரல் உடையவரின் இரத்தத்தில் மருந்து தேங்குகிறது. ஈரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ உடையவர்களைச் சோதித்ததில், உடலில் சேர்ந்த மருந்தின் அளவு நோயற்றோரைவிட 84 சதவீதம் மிகுந்திருந்தது.

ஆகவே, வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும் இம்மருந்தை ஈரல் நோயாளருக்கு 25 மில்லிகிராமில் தொடங்குவர். தேவைப்படும்போது மட்டும் உண்ணும் தடலாபில் மருந்தாயின், 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நோய் முற்றியவர்க்கு இவை ஏற்றவையல்ல.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உண்போர் இவற்றைத் தொடவே கூடாது; இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிர் போகக்கூடும். இரத்த அழுத்தத்துக்கோ, சிறுநீர்த் தடைக்கோ மருந்து உண்போரும் அதனை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். மதுவை அறவே விலக்குக. அது ஈரலையும் கெடுக்கும், ஆண்மையையும் கெடுக்கும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. ஈரல் நோயே இக்குறையை உண்டாக்கலாம். வயிற்றில் நீர் கோத்தவர்க்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்தும் உண்டாக்கலாம். அதற்காக அம்மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. வைத்தியர் அறிந்தால், தக்கபடி மாற்றித் தருவார்.

மூலிகைப் பொடிதானே, தீங்கென்ன என்று எண்ண வேண்டா. அவ்வாறு விற்கப்பட்ட பொருள்கள் சிலவற்றில் சில்டெனாபிலே மறைவாகக் கலந்திருந்தமை சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. அளவறியாத மருந்து ஈரல் நோயாளருக்கு நஞ்சாகும்.

மருந்துண்டபின் மயக்கம், நெஞ்சுவலி, திடீர்ப் பார்வைக் குறைவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாத விறைப்பு ஆகியவற்றில் எது நேரினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நெஞ்சுவலியென்று சென்றால், உண்ட மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் மறைக்காமல் கூறுக.

சங்கக் கணக்கை ஒளிவின்றிக் காட்டுவது நம் வழக்கம். உடலின் கணக்கையும் வைத்தியரிடம் அவ்வாறே காட்டுவோமாக. ஒரு நாழிகை வெட்கத்தைப் பொறுத்துக்கொண்டால், குடும்பம் பல்லாண்டு நலம் பெறும்.