ஆமைக்குஞ்சு கண்ணை மூடிக்கொண்டால்...

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் செல்லப்பிராணிக் கடைகளில் பிள்ளைகள் அடம்பிடித்துக் கேட்பவற்றில் ஆமைக்குஞ்சும் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், குரைக்காது, வீடெங்கும் முடி கொட்டாது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு கொண்ட இந்த ஆமை ‘ரெட் இயர்ட் ஸ்லைடர்’ எனப்படுகிறது. இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. சிங்கப்பூரில் இதை வளர்க்க அனுமதி உண்டு.

ஆமையோடு பிளாஸ்டிக் தென்னை நட்ட ஒரு சிறு தட்டும் ஒரு டப்பா காய்ந்த இறாலும் வீட்டுக்கு வருகின்றன. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. இறாலை மட்டுமே தின்று வளரும் குஞ்சுக்கு வைட்டமின் ஏ சத்து குறைந்து, நாளடைவில் இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்களோ அது தூங்குகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கண் தெரியாத ஆமை இரை எடுக்காது. உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அளவு தெரியாமல் வீட்டிலேயே வைட்டமின் கொடுத்தால் அதுவும் நஞ்சாகலாம்.

ஆமைக்கென்றே தயாரிக்கப்படும் உருண்டை உணவுதான் அடிப்படை. இடையிடையே மண்புழு, கொஞ்சம் கேரட் துருவல், கீரை கொடுக்கலாம். குஞ்சாக இருக்கும்போது புழு பூச்சிகளையே அதிகம் நாடும். வளர வளர இலை தழைக்கு மாறும். உணவைத் தண்ணீரிலேயே போட வேண்டும். நீரில்லாமல் அதனால் சரியாக விழுங்க முடியாது. மீந்த உணவு நீரை அழுக்காக்கும் என்பதால் அதை அகற்றிவிட வேண்டும்.

வெயில் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. ஓடு உறுதியாக வளர, சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் தேவை. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. ஆகவே மூடிய சன்னலருகே தொட்டியை வைத்துப் பயனில்லை. வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் இளவெயில் காட்டலாம், நிழலுக்கும் இடம் விட்டு. நண்பகல் வெயிலில் ஆழமில்லாத தட்டுநீர் சூடேறிக் குஞ்சைக் கொன்றுவிடும். ஏறி உட்கார்ந்து உடலை உலர்த்திக்கொள்ள ஒரு கல்லும் தேவை.

பிள்ளைகளின் உடல்நலமும் இதில் உண்டு. பார்வைக்கு நலமாக இருக்கும் ஆமையிடமும் சால்மனெல்லா கிருமி இருக்கலாம். ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975ல் தடை விதித்ததற்கு இதுவே காரணம். ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஆமைத் தட்டைக் கழுவவே கூடாது.

பெண் ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். பிள்ளை தேசிய சேவையை முடித்த பிறகும் ஆமை வீட்டில் இருக்கும்! இடம் போதாமல், விசாக தினத்தில் புண்ணியம் என்று நீர்த்தேக்கத்தில் விடுவோர் உண்டு. வீட்டில் வளர்ந்த ஆமைக்கு அது தண்டனை. பிழைத்துக்கொண்டாலும் உள்ளூர் உயிரினங்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். அனுமதியின்றி விலங்குகளை விடுவிப்பது சட்டப்படி குற்றம். வளர்க்க முடியாதவர்கள், முறையாகப் பார்த்துக்கொள்ளும் வேறொருவரைத் தேடி ஒப்படைக்க வேண்டும். பெரிய ஆமையை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது எளிதல்ல என்பதைக் கடையில் நிற்கும்போதே நினைத்துப் பார்ப்பது நல்லது.