பச்சை மரத்தில் எழுந்த பண்ணை வீடு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சிடிங்ஸ்டன் ஊரருகே, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது பேலீஃப் பண்ணை வீடு. இவ்வகை வீடுகளில் பாரம் தாங்குவது ஓக் மரச் சட்டகம். சுவர் வெறும் அடைப்பு. ஆகவே வீடு முதலில் தச்சரின் முற்றத்தில்தான் உருவாகும்.

வெட்டிய ஓக்கை ஈரம் காயுமுன் கோடரியால் சதுரமாகச் செதுக்குவார்கள். காய்ந்துவிட்டால் உளிக்கு மசியாது. ஒரு பக்கத்துக்கான மரங்களைத் தரையில் கிடத்தி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கோடு கீறி, ஒன்றில் துளையும் மற்றதில் அதற்குள் நுழையும் நாக்கும் வெட்டுவார்கள். எந்த மரமும் நூல் பிடித்தாற்போல் நேராக இராது. எனவே ஒவ்வோர் இணைப்பும் தன் இணைக்கு மட்டுமே பொருந்தும். மாறிப்போகாமலிருக்க, இரண்டிலும் ரோமன் எண் போன்ற குறி. நேர்கோடுகள்தானே உளிக்கு எளிது!

இணைப்பைப் பூட்டும் முளையை அடிப்பதில்தான் உண்மையான சாமர்த்தியம். நாக்கிலுள்ள முளைத்துளையை மற்ற மரத்தின் முளைத்துளைக்கு நேராக இல்லாமல் சற்றே விலக்கிப் போடுவார்கள். மனையில் நிறுத்தும்போது ஓக் முளையை அடிக்க அடிக்க நாக்கு உள்ளே இழுபட்டு இணைப்பு இறுகும்.

முற்றத்தில் வெட்டிப் பொருத்திப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிரித்து, மனைக்குக் கொண்டுபோய், கல் அடித்தளத்தின்மேல் நிறுத்துவார்கள். மூலைத் தூண்கள் பெரும்பாலும் தலைகீழாக நிற்கும்: சுவர் உத்திரமும் குறுக்கு உத்திரமும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், மரத்தின் பருத்த அடிப்பக்கம் மேலே தேவை. குறுக்கு உத்திரத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண், அதன்மேல் நீளவாட்டு விட்டம், இருபுறமும் கைமரங்கள், ஓடு.

சட்டக இடைவெளிகளில் குச்சிகளை நட்டு வரிச்சுப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்புவார்கள். சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது; மரக்கம்பியும் கதவும்தான். கூரைவரை உயர்ந்த கூடத்தின் நடுவே தரையில் திறந்த அடுப்பு. புகை கூரைவரை ஏறிக் கசியும்; மேல்மரங்களில் கரி படியும். பேலீஃபில் கூடத்தின் ஒரு கோடியிலுள்ள அறைகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தன.

பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் வீட்டைக் கழற்றி, மேற்கு சசெக்ஸின் சிங்கில்டன் அருங்காட்சியகத்தில் திரும்பக் கோத்தார்கள். பிற்காலத்தில் நுழைந்த புகைபோக்கியை அங்கே கட்டாமல் விட்டது சரி என்பேன். அதை வைத்திருந்தால், கூடத்துக்கு ஏன் இவ்வளவு உயரம் என்பதே விளங்காது.