போட்டியாளர்கள் சேர்ந்து வளர்த்த மரம்

இலாபத்தையே இலட்சியமாகக் கொண்ட கம்பெனிகள், தங்கள் பணத்தைச் செலவிட்டு எழுதுவித்த மென்பொருளின் மூல நிரலை எதிரிக் கம்பெனியும் எடுத்தாளும்படி திறந்து வைப்பது ஏன் என்று கேட்போருக்கு, மலாக்காவில் பிறந்த நான் ரப்பர்த் தோட்டத்தைக் காட்டியே விடை சொல்ல விரும்புகிறேன்.

டான் சே யான் என்ற சீனப் பிரமுகர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டபோது, விதையையும், மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் வித்தையையும் வேண்டியவர்க்கெல்லாம் வழங்கிவந்தவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் ரிட்லி. தோட்டங்கள் பெருகியபின், எந்தக் கன்று அதிகப் பால் தரும், எந்த நோய்க்கு என்ன பரிகாரம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே பல்லாண்டு பரீட்சித்தறிவது வீண் விரயமாகும் என்பதால், ஏற்றுமதி ரப்பரின்மீது விதித்த தீர்வையை நிதியாகக் கொண்டு மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் அமைந்தது. பிராங் பெசார் என்ற தனியார் தோட்டம் (இன்றைய புத்ராஜெயா அங்கேதான் எழுந்தது) தேர்ந்தெடுத்த பிபி 86 ரகத்தை ஜாவா ரகமொன்றோடு கலந்து அக்கழகம் உண்டாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600, பெருந்தோட்டத்திலும் சிறுதோட்டக்காரரின் சில ஏக்கரிலும் தாய்லாந்திலும் கேரளத்திலும் பால் சுரந்தது.

மென்பொருளிலும் கணக்கு இதுவே. லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்துக்கு 2001-இல் மட்டும் நூறு கோடி டாலர் செலவிடப்போவதாக ஐபிஎம் அறிவித்தது தருமத்துக்காக அன்று. அது அன்று பெரும்பாலும் விற்றவை இயந்திரங்களும் சேவைகளும். அவற்றின் அடியில் ஓடும் இயங்குதளம் பொதுவாயிருந்தால், அதைச் செப்பனிடும் செலவு பலருக்குப் பங்காகும், ஒரே கம்பெனியின் பிடியில் எவரும் சிக்கவும் மாட்டார். நிரல் எழுதுவோருக்குச் சம்பளம் கொடுப்பவருக்கு அது வளரும் திசையைக் குறித்துப் பேசும் யோக்கியதையும் கிட்டும்.

ஆயினும் ஒரு குறையை மறைத்துப் புகழ்வது நியாயமன்று. விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் நிரையில் இறங்கி, கத்தி சற்றே ஆழம் போனாலும் மரம் புண்படும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த நம் தாய்தந்தையரின் ஞானம் வெறும் கூலிக்கணக்காகவே எழுதப்பட்டது. இணையத்தின் இரகசியங்களைக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2014-இல் வெளிப்பட்டபோதும், உலகமே நம்பியிருந்த அதனை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே சொற்ப உதவியோடு பேணிவந்தது தெரிந்தது. பெருங்கம்பெனிகள் கூடிப் பணம் போட்டது அதன் பிறகுதான்.

மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகத்திலும் டுரியான் துங்காலிலுள்ள பல்கலைக்கழகத்திலும் கணினி பயிலும் நம் பிள்ளைகளே, இத்தகைய பொது நிரல்களைத் திறந்து படியுங்கள், பிழை கண்டால் திருத்தி அனுப்புங்கள். லினக்ஸில் ஏற்கப்படும் ஒவ்வொரு திருத்தத்தோடும் அதை எழுதியவரின் பெயரும் பதிவாகிறது.